எவரெஸ்ட், 1996 மே 10: 2015-ஆம் ஆண்டுத் திரைப்படம் வருமுன் எழுதிய, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1996 மே 10, 11 ஆகிய இரண்டு நாட்களில் எவரெஸ்ட் மலையில் எட்டுப் பேர் உயிரிழந்தனர். அந்த நிகழ்வை வைத்து ஐஸ்லாந்து நாட்டு இயக்குநர் பால்டசார் கோர்மகூர் உருவாக்கியுள்ள ‘எவரெஸ்ட்’ என்ற திரைப்படம் 2015 செப்டம்பரில் வெளியானது. செப்டம்பர் 2 அன்று வெனிஸ் திரைப்பட விழாவின் தொடக்கப் படமாகவும் அது திரையிடப்பட்டது. முன்னோட்டத்தைப் பார்த்தால் பனிப்புயலின் இரைச்சல்தான் காதில் நிற்கிறது. ஆனால் அன்று அந்த மலையில் தவறிப்போனவற்றில் பெரும்பாலானவை புயல் வருவதற்கு முன்பே, வெயில் அடித்துக்கொண்டிருந்தபோதே தவறிப்போய்விட்டன. அதனால்தான் படம் வருமுன்பே இந்தப் பதில்களை எழுதிவைக்கத் தோன்றியது. முடிவு தெரிந்துவிடக் கூடாது என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனாலும் இது 1996-இல் உலகச் செய்தித்தாள்கள் அனைத்திலும் வந்த செய்தி.

அன்று என்னதான் நடந்தது? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

நேபாளப் பக்கத்தில் சுமார் 7,900 மீட்டர் உயரத்தில் இருக்கும் தெற்குக் கணவாயில் நான்காம் முகாம் அமைந்திருந்தது. மே 9 நள்ளிரவை ஒட்டி அங்கிருந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் உச்சியை நோக்கிப் புறப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர், கட்டணம் வாங்கிக்கொண்டு உச்சிக்கு அழைத்துச் செல்லும் இரண்டு வணிகக் குழுக்களைச் சேர்ந்தவர்கள். தைவான் குழுவினரும் உடன் சென்றனர். வழியில் பல இடங்களில் தாமதம் ஏற்பட்டது. பிற்பகல் ஒரு மணிக்கு உச்சியைத் தொட்டவர்களும் உண்டு, நான்கு மணிக்கு மேல் தொட்டவர்களும் உண்டு. மாலையில் புயல் சூழ்ந்தபோது பலர் இன்னும் மேலேயே இருந்தனர்.

தெற்குப் பக்கத்தில் ஐவர் இறந்தனர்: நியூசிலாந்தைச் சேர்ந்த ராப் ஹால், அவருடைய உதவி வழிகாட்டி ஆண்டி ஹாரிஸ், அவர்களுடைய வாடிக்கையாளர்களான அமெரிக்கர் டக் ஹேன்சன், ஜப்பானியப் பெண்மணி யாசுகோ நம்பா, மற்றொரு குழுவின் தலைவரான அமெரிக்கர் ஸ்காட் ஃபிஷர். அதே நேரத்தில் மலையின் மறுபக்கத்தில், திபெத் வழியாக ஏறிய இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினர் மூவர் இறந்தனர். இந்த மூவரைப் பற்றித் தனியே ஒரு கேள்வி கீழே இருக்கிறது.

ராப் ஹால், ஸ்காட் ஃபிஷர் ஆகியோர் அனுபவம் இல்லாதவர்களா?

இல்லை. இந்த நிகழ்வைப் பற்றி யோசிக்கும்போது முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டியது இதுதான். ஹால் அதற்கு முன் நான்கு முறை எவரெஸ்ட் உச்சியைத் தொட்டவர். நிதானத்துக்கும் ஒழுங்குக்கும் பெயர்பெற்றவர். அவருடைய ‘அட்வென்சர் கன்சல்டன்ட்ஸ்’ நிறுவனம் ஒருவரிடம் 65,000 டாலர் கட்டணம் வாங்கியது. அந்தத் தொகையைக் கொடுக்க வாடிக்கையாளர்கள் முன்வந்ததற்குக் காரணம், முந்தைய ஆண்டுகளில் அவர் பலரை உச்சிக்கு அழைத்துச் சென்று பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார் என்பதே. நிறுவனத்தை அவருடன் சேர்ந்து தொடங்கிய கேரி பால் 1993-இல் தௌலாகிரி மலையில் நுரையீரலில் நீர் கோத்து இறந்தபோது ஹால் அருகிலேயே இருந்தார். ஆகவே உயரம் மனிதனை என்ன செய்யும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஃபிஷர் ‘மவுன்டன் மேட்னஸ்’ நிறுவனத்தின் தலைவர், துணிச்சல்காரர், கலகலப்பானவர். எவரெஸ்டுக்கு வாடிக்கையாளர்களை அழைத்துச் செல்வது அவருக்கு அதுவே முதல் முறை. போட்டி நிறுவனங்களின் தலைவர்களாக இருந்தபோதிலும் இருவரும் நண்பர்கள். ஒரே நாளில் சேர்ந்து ஏறுவது என்று பேசி முடிவெடுத்தவர்கள்.

படத்தில் யார் யார் நடிக்கிறார்கள்? இயக்குநருக்கு இதில் முன் அனுபவம் உண்டா?

ஹாலாக ஜேசன் கிளார்க், ஃபிஷராக ஜேக் ஜில்லன்ஹால், பெக் வெதர்ஸ் என்ற டெக்சாஸ் மருத்துவராக ஜாஷ் புரோலின், ஹேன்சனாக ஜான் ஹாக்ஸ், ஹாலின் மனைவி ஜேன் ஆர்னல்டாகக் கீரா நைட்லி ஆகியோர் நடிக்கின்றனர். அடிவார முகாமை நிர்வகித்த ஹெலன் வில்ட்டனாக எமிலி வாட்சன் வருகிறார். திரைக்கதை வில்லியம் நிக்கல்சன், சைமன் போஃபாய் இருவருடையது. நேபாளத்திலும் இத்தாலியின் ஆல்ப்ஸ் மலைகளிலும் படப்பிடிப்பு நடந்திருக்கிறது. மிச்சம் அரங்கில் எடுக்கப்பட்டது.

கோர்மகூர் இதற்கு முன்பு, படகு மூழ்கிய பின் உறையும் கடலில் மணிக்கணக்காக நீந்திக் கரை சேர்ந்த ஐஸ்லாந்து மீனவர் ஒருவரின் உண்மைக் கதையைப் படமாக்கியவர். குளிர் ஒரு மனித உடலை மெல்ல மெல்ல அணைப்பதைக் காட்டத் தெரிந்தவர் என்ற நம்பிக்கை எனக்கு அதனால்தான் வருகிறது.

இதே பெயரில் முன்பே ஒரு படம் வந்ததே?

வந்தது. டேவிட் பிரேஷியர்ஸ் தலைமையில் ஐமேக்ஸ் கேமராவால் எடுக்கப்பட்டு 1998-இல் வெளியான ஆவணப்படத்துக்கும் இதே பெயர்தான். அந்தக் குழு 1996 மே மாதத்தில் அதே மலையில்தான் இருந்தது. கூட்டத்தைத் தவிர்ப்பதற்காக அவர்கள் உச்சிப் பயணத்தைத் தள்ளிவைத்திருந்தார்கள். விபத்து நடந்ததும் தெற்குக் கணவாயில் சேமித்து வைத்திருந்த தங்கள் ஆக்சிஜன் உருளைகளைத் தயங்காமல் மீட்புக்குத் தந்தார்கள். உருளைகள் போனால் தங்கள் படமும் போய்விடும் என்ற நிலையில் எடுத்த முடிவு அது. அந்தக் குழுவினர் மே 23 அன்று உச்சிக்குச் சென்றபோது வழியில் தங்கள் நண்பர்களான ஃபிஷர், ஹால் இருவருடைய உடல்களையும் கடந்து செல்ல நேர்ந்தது.

‘மரண மண்டலம்’ என்கிறார்களே, அது மிகைப்படுத்தலா?

பெயர் மிரட்டுவதுபோல் இருக்கிறது. ஆனால் வைத்தவர் ஒரு மருத்துவர். 1952-இல் எவரெஸ்டுக்குச் சென்ற சுவிட்சர்லாந்துக் குழுவின் தலைவரான எடுவார் விஸ்-டியூனான் இதைப் பயன்படுத்தினார். ஏறத்தாழ 8,000 மீட்டருக்கு மேல் மனித உடலால் பழகிக்கொள்ள முடியாது. அங்கே எத்தனை நாள் இருந்தாலும் உடல் தேறுவதில்லை, தேய்ந்துகொண்டே போகிறது. 8,848 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் அங்கேயும் கீழே உள்ளதுதான். அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைப்பது குறைகிறது.

திரையில் காட்டக் கடினமான பகுதி இங்கேதான் இருக்கிறது. மூச்சு வாங்குவதையும் கால் தடுமாறுவதையும் நடிகர் காட்டிவிடலாம். மூளை மங்குவதை எப்படிக் காட்டுவது? மங்கியவருக்குத் தான் மங்கியிருப்பது தெரியாது. அன்று மாலை, உச்சிக்குச் சற்றுக் கீழே இருக்கும் தெற்கு உபசிகரத்தில் வைக்கப்பட்டிருந்த உருளைகள் எல்லாம் காலியாக இருப்பதாக ஆண்டி ஹாரிஸ் வானொலியில் சொன்னார். உண்மையில் அங்கே நிறைந்த உருளைகள் இருந்தன. அவர் பொய் சொல்லவில்லை. உருளையின் அளவுமானியைப் படித்துப் பொருள்கொள்ளும் திறன் அந்த நேரத்தில் அவரிடம் இல்லை என்றுதான் பின்னர் கருதப்பட்டது. சற்றுத் தொலைவில் ஆக்சிஜன் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்த ஹாலும் ஹேன்சனும் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

‘இரண்டு மணி விதி’ என்றால் என்ன?

உச்சியிலிருந்து எவ்வளவு அருகில் இருந்தாலும் சரி, குறித்த நேரம் வந்துவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது விதி. அன்று அந்த நேரம் பிற்பகல் ஒரு மணி அல்லது இரண்டு மணி. இந்த ‘அல்லது’ என்பதைக் கவனிக்க வேண்டும். ஹால் இரண்டு நேரங்களையும் பேச்சில் சொல்லியிருந்தார், ஆனால் இதுதான் இறுதி என்று அறுதியிட்டுச் சொல்லவில்லை என்று அக்குழுவில் இருந்த பத்திரிகையாளர் ஜான் க்ராக்கவர் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

விதிக்குப் பின்னால் இருந்தது வெறும் கணக்கு. நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் என்று செலவழித்தால் ஓர் உருளை ஐந்து முதல் ஆறு மணி நேரம் வரும். ஒருவருக்கு மூன்று உருளைகள். நள்ளிரவில் புறப்பட்டவருக்கு மாலை நான்கு அல்லது ஐந்து மணியோடு எல்லாம் தீர்ந்துவிடும். அதற்குள் அவர் முகாமை நெருங்கியிருக்க வேண்டும். இந்தக் கணக்கில் புயல் சேரவே இல்லை. வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்திருந்தாலும் நான்கு மணிக்கு உச்சியில் நிற்பவர் இருட்டில், ஆக்சிஜன் இல்லாமல்தான் இறங்கியாக வேண்டும்.

நடந்தது இது. ஃபிஷரின் வழிகாட்டி அனடோலி புக்ரீவும் அவரை அடுத்துக் க்ராக்கவரும் ஒரு மணியளவில் உச்சியில் இருந்தனர். ஹால் இரண்டரை மணி வாக்கில் சேர்ந்தார். ஃபிஷர் சேர்ந்தது மூன்றே முக்கால் மணிக்கு. ஹேன்சன் வந்தது நான்கு மணிக்கும் பிறகு. மாறாக, ஹாலின் குழுவில் ஸ்டூவர்ட் ஹட்சிசன், ஜான் டாஸ்கே, லூ கசிஷ்கே ஆகிய மூவர், வரிசை நகரும் வேகத்தைப் பார்த்து, நேரத்துக்குள் போய்ச் சேர முடியாது என்று முடிவுகட்டி, முற்பகல் பதினொன்றரை மணியளவில் திரும்பிவிட்டனர். 65,000 டாலரையும் பல மாத உழைப்பையும் கைவிட்டுத் திரும்பிய அந்த மூவரும் உயிரோடு வீடு சேர்ந்தனர். ஹாலின் குழுவில் உச்சியைத் தொட்டவர்களில், மலையேறிகளுக்குத் துணையாகச் செல்லும் நேபாள மலைவாழ் மக்களான ஷெர்பாக்கள் அல்லாத ஆறு பேரில் நால்வர் திரும்பவில்லை.

படத்தின் நாயகர்களாக இந்த மூவரை யாரும் ஆக்கப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். பாதி வழியில் திரும்பி நடப்பவரை வைத்துச் சுவரொட்டி அடிக்க முடியாது.

தாமதம் ஏன் ஏற்பட்டது?

ஒன்றல்ல, பல காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறின. கடினமான இடங்களில் வாடிக்கையாளர்கள் பிடித்து ஏறுவதற்கு முன்கூட்டியே கயிறு கட்டி வைப்பது வழக்கம். இரு குழுக்களின் ஷெர்பாத் தலைவர்களும் மற்றவர்களுக்கு முன்பாகவே சென்று இந்த வேலையை முடிப்பதாகத் திட்டம். அது நடக்கவில்லை. ஃபிஷர் குழுவின் லோப்சாங் ஜங்பு ஷெர்பா, வாடிக்கையாளர் ஒருவரைத் தன் இடுப்போடு கயிற்றால் பிணைத்து மணிக்கணக்காக இழுத்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார். இதனால் சுமார் 8,400 மீட்டரில் உள்ள ‘பால்கனி’ என்ற மேடையைத் தாண்டிய பகுதியிலும், பிறகு ‘ஹிலாரி படி’ என்ற செங்குத்துப் பாறையிலும் எல்லோரும் காத்து நிற்க வேண்டியதாயிற்று. கயிறு இல்லாத இடங்களில் வழிகாட்டிகளே அதைக் கட்டினர்.

ஒரே நாளில் அத்தனை பேர் போனதும் காரணம். ஹிலாரி படியில் அன்று ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏறவோ இறங்கவோ முடிந்தது. பன்னிரண்டு மீட்டர் பாறைதான். ஆனால் ஏறுபவர்களுக்காக இறங்குபவர்கள் நின்றார்கள், நின்றுகொண்டே ஆக்சிஜனைச் செலவழித்தார்கள். நம் ஊர்த் தேர்த்திருவிழாக் கூட்டத்தில் சந்து முனையில் சிக்கிக்கொண்டவர்களுக்கு இந்த நிலை புரியும். அங்கே மூச்சு முட்டினால் ஒதுங்கி நிற்க ஒரு திண்ணையாவது இருக்கும்.

மே 10-ஐ ஹால் ராசியான நாளாகக் கருதினார் என்பதும் ஒரு சிறு காரணம். முந்தைய ஆண்டுகளில் அந்தத் தேதியை ஒட்டி அவருக்கு வானிலை கைகொடுத்திருந்தது.

விதியை வகுத்த ஹாலே ஹேன்சனை ஏன் திருப்பி அனுப்பவில்லை?

இந்த நிகழ்வின் மையத்தில் இருக்கும் கேள்வி இது. இதற்கு விடை தெரிந்த இருவரும் மலையிலேயே தங்கிவிட்டார்கள். நமக்குத் தெரிந்த சூழ்நிலையை மட்டும் சொல்லலாம். ஹேன்சன் அஞ்சல் துறை ஊழியர்; பணக்காரர் அல்லர். கூடுதல் வேலை பார்த்துப் பணம் சேர்த்து வந்தவர். 1995-லும் ஹாலுடனே ஏறி, தெற்கு உபசிகரத்தில், உச்சி கண்ணுக்கு எதிரே தெரியும் இடத்தில், நேரம் கடந்துவிட்டது என்று ஹாலால் திருப்பி அழைத்துவரப்பட்டவர். மறுபடியும் வரச்சொல்லி அவரைத் தொலைபேசியில் பலமுறை அழைத்ததும், கட்டணத்தைக் குறைத்ததும் ஹால்தான். ஒரே மனிதரை இரண்டாவது முறையும் அதே இடத்திலிருந்து திருப்புவதற்கு நா எழவில்லை என்று பலர் ஊகிக்கிறார்கள். என் ஊகமும் அதுதான். கொடுமை எதுவும் இதில் இல்லை, இரக்கம்தான் இருக்கிறது. அந்த இரக்கம் நான்கு மணிக்குக் காட்டப்பட்டது.

அதன் பின் ஹேன்சனால் நடக்க முடியவில்லை. ஹால் அவரை விட்டுவிட்டு இறங்க மறுத்தார். மறுநாள் அதிகாலை தெற்கு உபசிகரத்திலிருந்து, சுமார் 8,750 மீட்டர் உயரத்திலிருந்து, ஹாலின் குரல் வானொலியில் கேட்டபோது ஹேன்சன் உயிரோடு இல்லை. ஹாரிஸும் எங்கோ போய்விட்டிருந்தார். ஹாலின் கைகால்கள் உறைந்துவிட்டன. சுவாசக் கருவியில் பனி அடைத்துக்கொண்டிருந்தது. ஆங் டோர்ஜே, லக்பா சிரி ஆகிய இரு ஷெர்பாக்கள் அவரை மீட்க அந்தக் காற்றிலும் ஏறினார்கள். சில நூறு மீட்டர் கீழே காற்று அவர்களைத் தடுத்துத் திருப்பிவிட்டது. அன்று மாலை ஆறேகால் மணியைத் தாண்டி, அடிவார முகாமிலிருந்தவர்கள் வானொலியைச் செயற்கைக்கோள் தொலைபேசியோடு இணைத்து, நியூசிலாந்திலிருந்த மனைவியுடன் அவரைப் பேச வைத்தனர். ஜேன் ஆர்னல்டு அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அவர் ஒரு மருத்துவர். 1993-இல் கணவருடன் எவரெஸ்ட் உச்சியில் நின்றவர். எனவே தெற்கு உபசிகரத்தில் இரண்டாம் இரவு என்றால் என்னவென்று அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தன்னைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம் என்று ஹால் அவரிடம் சொன்னார். அதற்குப் பின் அவர் குரல் கேட்கவில்லை.

புயல் எச்சரிக்கை இல்லாமல் வந்ததா?

கீழே இருந்தவர்களுக்கு மேகம் திரள்வது பிற்பகலிலேயே தெரிந்தது. மேலே இருந்தவர்களில் சிலர் பள்ளத்தாக்கில் புகைபோல் ஏதோ எழுவதைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். மாலைக்குள் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான காற்றும் பனியும் சூழ்ந்துகொண்டன. அன்றைய காற்றழுத்தம் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்ததால் கிடைக்க வேண்டிய ஆக்சிஜனும் குறைந்திருக்கலாம் என்று டொரொன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னர் கணித்தனர். அந்த மலையில் அத்தகைய புயல் அபூர்வமன்று. முகாமுக்குள் இருப்பவருக்கு அது ஓர் உறக்கமில்லாத இரவு, அவ்வளவுதான்.

புக்ரீவ் வாடிக்கையாளர்களை விட்டுவிட்டு முன்னால் இறங்கியது சரியா?

கசகஸ்தானில் வாழ்ந்த அனடோலி புக்ரீவ் அக்காலத்தின் மிக வலிமையான மலையேறிகளில் ஒருவர். அன்று அவர் செயற்கை ஆக்சிஜன் இல்லாமலே ஏறினார். வாடிக்கையாளர்கள் மேலே இருக்கும்போதே இறங்கி, ஐந்து மணியளவில் முகாம் சேர்ந்தார். வழிகாட்டி என்று சம்பளம் வாங்குபவர் இப்படிச் செய்யலாமா என்று க்ராக்கவர் எழுதினார். தேவைப்பட்டால் தேநீரும் ஆக்சிஜனும் எடுத்துக்கொண்டு மீண்டும் மேலே வருவதற்காகவே இறங்கியதாகவும், அதற்கு ஃபிஷரின் ஒப்புதல் இருந்ததாகவும் புக்ரீவ் தன் நூலில் பதில் எழுதினார். இந்த வழக்கு இரண்டு தரப்பு வாசகர்களிடையே இன்றும் நடக்கிறது.

எவரும் மறுக்காதது அடுத்து நடந்தது. தெற்குக் கணவாயை எட்டிய பதினொரு பேர், வழிகாட்டிகள் நீல் பைடில்மேன், மைக் க்ரூம் உட்பட, கூடாரங்களுக்குச் சில நூறு மீட்டர் தூரத்தில் வழி தெரியாமல் புயலில் சிக்கிக்கொண்டனர். ஒரு பக்கம், மலையின் கிழக்குப் பக்கமான காங்ஷுங் முகப்பின் பெரும் பாதாளம். ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, தூங்கிவிடாமல் அடித்து எழுப்பிக்கொண்டு கிடந்தனர். மேகம் சற்று விலகி நட்சத்திரம் தெரிந்தபோது நடக்க முடிந்தவர்கள் முகாமை அடைந்து செய்தி சொன்னார்கள். வேறு எவராலும் எழ முடியாத அந்த இரவில் புக்ரீவ் தனியாக வெளியே போய் மூவரை மீட்டுவந்தார். பகலில் ஆக்சிஜன் இல்லாமல் ஏறியவருக்கு இரவில் அந்தத் தெம்பு இருந்ததற்குக் காரணம் அவர் சீக்கிரம் இறங்கி ஓய்வெடுத்ததுதான் என்று அவரை ஆதரிப்பவர்கள் சொல்வார்கள். அவர் உடனிருந்திருந்தால் அவர்கள் தொலைந்தே போயிருக்க மாட்டார்கள் என்று எதிர்ப்பவர்கள் சொல்வார்கள். எனக்கு இரண்டுமே நியாயமாகப் படுகின்றன. 1997 டிசம்பர் 25 அன்று அன்னபூர்ணாவில் பனிச்சரிவில் சிக்கிப் புக்ரீவ் இறந்தார்.

இறந்ததாகக் கைவிடப்பட்டவர் எழுந்து நடந்து வந்தார் என்பது உண்மையா?

உண்மை. திரைக்கதை ஆசிரியர்கள் கற்பனையாக எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம். ஹாலின் வாடிக்கையாளரான பெக் வெதர்ஸ் கண்பார்வையைச் சரிசெய்ய முன்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். உயரத்தில் அந்தக் கண்கள் மங்கிவிட்டன. தான் திரும்பி வரும்வரை பால்கனி அருகிலிருந்து நகரக் கூடாது என்று ஹால் அவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டு மேலே போனார். வாக்கைக் காப்பாற்ற அவர் பல மணி நேரம் அங்கேயே நின்றார். கடைசியில் இருட்டும் வேளையில்தான் க்ரூமுடன் இறங்கினார். புயலில் சிக்கிய பதினொருவரில் அவரும் நம்பாவும் மீட்கப்படவில்லை. மறுநாள் காலை ஹட்சிசன் சில ஷெர்பாக்களுடன் போய்ப் பார்த்தார். முகத்தில் பனிக்கட்டி மூடிய இருவரிடமும் மூச்சு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. தூக்கிச் சென்றாலும் பிழைக்க மாட்டார்கள் என்று முடிவெடுத்து, நடக்கக்கூடியவர்களைக் காப்பாற்றத் திரும்பினார். நாற்பத்தேழு வயது நம்பா அங்கேயே இறந்தார். வெதர்ஸ் இறந்துவிட்டதாக அவர் வீட்டுக்கும் தகவல் போய்விட்டது. பிற்பகலில் அவர் தானாகவே எழுந்து, பாதி குருடாக, முகாமுக்குள் நடந்து வந்தார்.

அவரையும் தைவானைச் சேர்ந்த மகாலு கா என்பவரையும் நேபாள ராணுவ அதிகாரி மதன் கத்ரி சேத்ரி, அடிவார முகாமை அடுத்துள்ள கும்பு பனியருவிக்கு மேலே ஏறத்தாழ 6,000 மீட்டர் உயரத்தில் ஹெலிகாப்டரை இறக்கி, ஒருவர்பின் ஒருவராக இரண்டு முறை பறந்து மீட்டார். காற்று அவ்வளவு மெலிந்த இடத்தில் இறக்கை விசிறி பிடிமானம் இழந்தால் அவருக்கும் திரும்பி வர வழியில்லை. வெதர்ஸ் வலக்கையை முழங்கைக்குக் கீழும், இடக்கை விரல்களையும், மூக்கையும் இழந்தார்.

இந்தக் கதையில் ஷெர்பாக்கள் எங்கே?

இதுவரை வந்த பதிவுகளில் பெரும்பாலும் பின்னணியில் இருக்கிறார்கள். கூடாரத்தையும் உருளைகளையும் மேலே கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள், கயிறு கட்டியவர்கள், மீட்கப் போனவர்கள் எல்லாம் அவர்கள்தான். மே 11 அன்று ஃபிஷரையும் காவையும் தேடிப்போன ஷெர்பாக்கள், காவுக்குச் சற்று உயிர்ப்பு இருப்பதைக் கண்டு அவரைக் கீழே கொண்டுவந்தனர்; ஃபிஷரை விட்டுவர நேர்ந்தது. முந்தைய மாதமே ஃபிஷர் குழுவின் நவாங் தோப்சே ஷெர்பாவுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது; அவர் சில வாரங்களுக்குப் பின் காட்மாண்டு மருத்துவமனையில் இறந்தார். மேலே சொன்ன எட்டுப் பேர் கணக்கில் அவர் பெயர் வருவதில்லை. லோப்சாங் அதே ஆண்டு செப்டம்பரில் எவரெஸ்டில் பனிச்சரிவில் இறந்தார். 2014 ஏப்ரல் 18 அன்று கும்பு பனியருவியில் 16 நேபாளத் தொழிலாளர்கள் ஒரே நொடியில் புதைந்ததையும், 2015 ஏப்ரல் நிலநடுக்கத்தில் அடிவார முகாமையே பனிச்சரிவு வாரிச் சென்றதையும் பார்த்த பிறகும், ஷெர்பாக்களை மூட்டை சுமக்கும் நிழல்களாக மட்டும் காட்டினால் அது பெரிய குறை.

இறந்த இந்தியர்கள் யார்?

சுபேதார் செவாங் சமன்லா, லான்ஸ் நாயக் டோர்ஜே மோருப், தலைமைக் காவலர் செவாங் பல்ஜோர். மூவரும் லடாக் பகுதியைச் சேர்ந்தவர்கள். வடக்குப் பக்கத்தில் உடன் ஏறியவர்கள் காற்றைப் பார்த்துத் திரும்பிவிட, இந்த மூவரும் தொடர்ந்தனர். மாலையில் உச்சியை அடைந்துவிட்டதாக வானொலியில் தெரிவித்தனர்; மேகத்தில் சரியாகத் தெரியாமல் உச்சிக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டிருக்கலாம் என்ற ஐயமும் உண்டு. மறுநாள் அவ்வழியே ஏறிய ஜப்பானியக் குழு அவர்களுக்கு உதவவில்லை என்று குற்றச்சாட்டு எழுந்தது. அக்குழு அதை மறுத்தது. பச்சை நிறக் காலணியோடு பாறைக் குடைவில் பல ஆண்டுகள் கிடந்த ஓர் உடலை மலையேறிகள் வழியடையாளமாகவே பயன்படுத்தினார்கள். அது பல்ஜோருடையது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. மோருப்புடையது என்பாரும் உண்டு. ஒரு மனிதரின் பெயர் அழிந்து காலணியின் நிறம் பெயராகிவிட்டது.

பணம் கொடுத்து ஏறுவதுதான் உண்மையான காரணமா?

பாதி உண்மை. இரு நிறுவனங்களும் அருகருகே ஏறியதால், ஒருவர் திரும்பி மற்றவர் உச்சி தொட்டுவிட்டால் அடுத்த ஆண்டு வாடிக்கையாளர் யார் பக்கம் போவார் என்ற கணக்கு மனத்தின் ஓரத்தில் இருந்திருக்கும். இரு குழுக்களிலும் பத்திரிகைக்கும் தொலைக்காட்சிக்கும் எழுதுபவர்கள் இருந்ததும் அழுத்தத்தைக் கூட்டியது. வழிகாட்டி சொன்னதை மட்டும் செய்யப் பழகியவர்கள், வழிகாட்டி இல்லாதபோது முடிவெடுக்கத் தடுமாறினர். ஆனால் மறுபக்கத்தில் இறந்த மூவரும் வாடிக்கையாளர்கள் அல்லர். அவர்களும் அதே பிற்பகலில், அதே உச்சியை, அதே தாமதத்தோடு நோக்கிச் சென்றார்கள். ஆகவே பணத்தின்மேல் மட்டும் பழியைப் போட்டுவிட முடியவில்லை.

விபத்துக்குப் பின் கூட்டம் குறையும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தனர். 2012-இல் ரால்ஃப் துய்மோவிட்ஸ் எடுத்த புகைப்படத்தில் மலைச்சரிவில் மனிதர்கள் எறும்புச் சாரைபோல் நிற்கிறார்கள்.

படத்தைப் பார்க்கும்போது நீங்கள் எதைக் கவனிப்பீர்கள்?

முதலில் கைக்கடிகாரத்தை. நடிகர்கள் எத்தனை முறை மணி பார்க்கிறார்கள், பார்த்துவிட்டு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் இந்தப் படம் நிற்கும் அல்லது விழும். அடுத்து, ஹட்சிசனும் மற்ற இருவரும் திரும்பும் காட்சிக்கு எத்தனை நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதை. புக்ரீவை வில்லனாக்காமலும் தேவனாக்காமலும் விட்டிருக்கிறார்களா என்பதை; படம் க்ராக்கவரின் நூலைத் தழுவியதன்று என்பதால் அதற்கு வாய்ப்பு இருக்கிறது. பிறகு ஆங் டோர்ஜே வாய்திறந்து பேசுகிறாரா என்பதை. கதை தெற்குப் பக்கத்தைவிட்டு நகராது என்றுதான் முன்னோட்டத்தைப் பார்த்தால் தோன்றுகிறது. ஆகவே சமன்லா, மோருப், பல்ஜோர் என்ற மூன்று பெயர்கள் கடைசியில் ஓடும் எழுத்துகளிலாவது வருகின்றனவா என்று, விளக்கு எரிந்து கூட்டம் கலைந்த பிறகும் உட்கார்ந்திருந்து பார்ப்பேன்.